ஜமால் முசியாலாவின் தொடக்க ஆண்டுகள்: நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையில் ஃபுட்பால் பேச்சு பாதியில் பாஸ்போர்ட் பேச்சாக மாறிவிடும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் சபுர் (வெளிநாட்டுப் பயணம்) போன குடும்பங்கள் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று தலைமுறைகளாகப் பரவியிருக்கின்றன. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இலங்கையில் சொந்தம் உள்ள வீடுகள் உண்டு. இரண்டு நாட்டுக்குச் சொந்தமான ஒரு பையன் எங்கே வளர்ந்தான், எந்த நாட்டுக்கு ஆடினான் என்று இங்கே யாராவது கேட்டால், கேட்பவர் மனதில் பெரும்பாலும் தன் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான்.

ஜெர்மனி அணியின் ஜமால் முசியாலாவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர் கதையில் இடம்பெயர்வு, பள்ளி, கிளப் மாற்றம், நாட்டைத் தேர்ந்தெடுத்தது எல்லாமே பதினெட்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிட்டன. பெற்றோருக்கு உதவக்கூடிய விஷயம் அதில் நிறைய இருக்கிறது. முதலில் அவரைப் பற்றிய கேள்விகள், அப்புறம் நம்மைப் பற்றியவை.

முசியாலா உண்மையில் எந்த நாட்டுக்காரர்?

26 பிப்ரவரி 2003 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். அம்மா ஜெர்மன்காரர், அவர் குடும்பத்துக்குப் போலந்து வேர் உண்டு. அப்பா நைஜீரிய வம்சாவளி பிரிட்டிஷ்காரர். சிறு வயது ஃபுல்டா என்ற ஊரில் கழிந்தது. முதலில் பந்து உதைத்தது அங்கே லேனெர்ஸ் என்ற சின்ன கிளப்பில். 2010-ல், ஏழு வயதில், அம்மாவின் பல்கலைக்கழகப் படிப்புக்காகக் குடும்பம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகருக்குப் போனது.

ஆக ஜெர்மனி, இங்கிலாந்து, நைஜீரியா மூன்றுக்கும் ஆடத் தகுதி இருந்தது. ஃபுட்பாலுக்காக யாரும் இதைத் திட்டமிடவில்லை. படிப்புக்காகப் போன இடத்தில் பையன் வளர்ந்தான், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் எங்கே பயிற்சி எடுத்தார்?

சவுத்தாம்ப்டனில் கொஞ்ச காலம். பிறகு 2011-ல் செல்சி கிளப்பின் அகாடமி. அங்கே எட்டு ஆண்டுகள் இருந்தார். படித்தது லண்டனுக்குத் தெற்கே உள்ள விட்கிஃப்ட் பள்ளியில். ஆங்கிலம் தெரியாமல் போன பையன் அந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்து, இங்கிலாந்தின் 15, 16, 17 வயதுக்குட்பட்டோர் அணிகளில் ஆடினார். ஜூட் பெல்லிங்காம் அவரோடு அதே இளையோர் அணிகளில் ஆடியவர், நல்ல நண்பர். இடையில் 2018-ல் ஜெர்மனியின் 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் இரண்டு ஆட்டம் போய் ஆடிப் பார்த்தார். அதைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை. இளையோர் வயதில் இரண்டு சட்டையையும் போட்டுப் பார்க்க விதி இடம் தருகிறது.

செல்சி மாதிரிப் பெரிய கிளப்பை விட்டு 16 வயதில் ஏன் பேயர்ன் மியூனிக்குக்குப் போனார்?

2019 ஜூலையில் போனார். குடும்பத்தின் ஒரு பாதி ஜெர்மனி. இளம் வீரர்களுக்கு ஆடும் நேரம் தருவதில் ஜெர்மன் கிளப்புகளுக்கு நல்ல பெயர். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப்போகும் பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 18 வயது நிறையாத வீரரை ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வரை ஒரு விலக்கு உண்டு. 2019-ல் பிரிட்டன் அதற்குள் இருந்தது, அதனால் 16 வயதில் போக முடிந்தது. 2021 ஜனவரிக்குப் பிறகு அந்த வழி மூடிவிட்டது. முசியாலா இரண்டு வருடம் கழித்துப் பிறந்திருந்தால் இதே மாற்றத்துக்கு 18 வரை காத்திருந்திருப்பார்.

போனதும் சீனியர் அணியில் இடம் கிடைத்ததா?

இல்லை. 17 வயதுக்குட்பட்டோர் அணி, 19 வயதுக்குட்பட்டோர் அணி, பிறகு அப்போது மூன்றாம் டிவிஷனில் ஆடிய பேயர்னின் இரண்டாம் அணி என்று படிப்படியாகத்தான் ஏறினார். அந்த இரண்டாம் அணி 2019-20 பருவத்தில் மூன்றாம் டிவிஷன் பட்டத்தையே வென்றது. பெரிய கிளப்பின் இரண்டாம் அணி என்றால் நம் ஆட்கள் மட்டமாக நினைக்கிறார்கள். அங்கே எதிரே நிற்பவன் முப்பது வயது ஆள், சம்பளத்துக்கு ஆடுகிறவன், பையன் என்று பார்த்து விலகமாட்டான். 17 வயது உடம்பு அதைத் தாங்கப் பழகுவதுதான் அந்த ஆண்டின் வேலை.

20 ஜூன் 2020-ல் ஃபிரைபுர்க் அணிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் சீனியர் அணிக்குள் வந்தார். வயது 17 ஆண்டு 115 நாள். பேயர்னுக்காக ஜெர்மன் லீக்கில் ஆடியவர்களில் அதுவரை அவ்வளவு இளையவர் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18, ஷால்க அணியை 8-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் முதல் லீக் கோல். 2021 பிப்ரவரியில் ரோம் நகரில் லாசியோவுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீக் கோல்.

18 வயது நிறைந்த சில நாட்களிலேயே, 2021 மார்ச் தொடக்கத்தில், 2026 வரை ஒப்பந்தம் போட்டார். 18-க்குக் கீழே மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஃபிஃபா ஏற்பதில்லை. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் பிறந்தநாளுக்குக் காத்திருந்ததை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

இங்கிலாந்தா ஜெர்மனியா என்று எப்படி முடிவெடுத்தார்?

நெருக்கடி இரண்டு பக்கமும் இருந்தது. 2020 நவம்பரில்கூட இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, கோலும் போட்டார். ஜெர்மனியின் பயிற்சியாளர் யோவாகிம் லோ அவரை நேரில் சந்தித்துப் பேசினார். 2021 பிப்ரவரி இறுதியில் ஜெர்மனி என்று அறிவித்தார். எனக்கு இரண்டு நாட்டின் மீதும் மனம் இருக்கிறது, அது அப்படியே இருக்கும் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். 25 மார்ச் 2021-ல் ஐஸ்லாந்துக்கு எதிராக ஜெர்மனி சீனியர் அணியில் அறிமுகம்.

இந்த முடிவில் என் மனதுக்குப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட நேரம். பத்து வயதிலோ பதினான்கிலோ யாரும் அவரிடம் வாக்குறுதி வாங்கவில்லை. இளையோர் அணிகளில் இரண்டு பக்கமும் ஆடி, சீனியர் கிளப் ஆட்டத்தில் கால் ஊன்றி, தன் வாயால் காரணம் சொல்லக்கூடிய வயது வந்த பிறகு தேர்ந்தெடுத்தார். வீட்டுப் பெரியவர்கள் அதுவரை பொறுத்திருந்ததுதான் பெரிய விஷயம்.

முடிவெடுத்த பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா?

சில நிபந்தனைகளோடு முடியும். நட்பு ஆட்டம் மட்டும் ஆடியிருந்தால் கட்டு இறுகுவதில்லை. போட்டி ஆட்டம் ஆடிவிட்டால், 2020 செப்டம்பரில் திருத்திய விதிப்படி, சீனியர் ஆட்டம் மூன்றுக்கு மேல் போயிருக்கக்கூடாது. அவை 21 வயதுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டு கடந்திருக்க வேண்டும். உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) மாதிரியான இறுதிச் சுற்றுத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடியிருக்கக்கூடாது. இரண்டாவது நாட்டின் குடியுரிமை முதலிலேயே கையில் இருந்திருக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் வர ஒரு காரணமாக இருந்தது முனிர் எல் ஹத்தாதி போன்றவர்களின் நிலைமை. மொராக்கோ வேர் கொண்ட ஸ்பெயின்காரர். 2014 செப்டம்பரில், 19 வயதில், பார்சிலோனாவில் பேர் வாங்கத் தொடங்கிய நேரம், ஸ்பெயின் அணி அவரை ஒரு யூரோ தகுதிச் சுற்று ஆட்டத்தின் கடைசியில் சில நிமிடங்கள் இறக்கியது. அதன் பிறகு கூப்பிடவே இல்லை. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோவுக்காக ஆட விரும்பி விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனார், தோற்றார். விதி மாறிய பிறகு 2021-ல்தான் மொராக்கோ சட்டை போட்டார். சில நிமிட ஆட்டத்துக்காக ஆறரை ஆண்டு போனது. கூப்பிட்டவுடன் ஓடாதே, எதற்குக் கூப்பிடுகிறார்கள், தொடர்ந்து ஆட வைப்பார்களா என்று கேள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முசியாலாவுக்கு அந்தக் கதவு 23 ஜூன் 2021-ல் மூடியது. யூரோவில் ஹங்கேரிக்கு எதிராக 82-ஆவது நிமிடம் உள்ளே வந்தார். இரண்டு நிமிடத்தில் அவர் பங்கெடுத்த நகர்விலிருந்து சக வீரர் கோரெட்ஸ்கா சமன் கோல் போட்டார். ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போனது.

வளர்த்த நாட்டை விட்டுவிட்டார், அது துரோகம் இல்லையா?

இல்லை. இந்தச் சொல்லை நம் பிள்ளைகள் முன்னால் பயன்படுத்தவே வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் வளர்ந்தது உண்மை, ஜெர்மனியில் பிறந்ததும் உண்மை, அப்பா வழியில் நைஜீரியா இருப்பதும் உண்மை. எதைத் தேர்ந்தாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடாது. கோலாலம்பூரில் பிறந்து, விடுமுறைக்குக் கீழக்கரை வந்து, தெருவில் பந்து உதைக்கிற பிள்ளையிடம் "நீ எந்த ஊர்?" என்று மடக்கிக் கேட்கிறோம். அவன் இரண்டு ஊர்ப் பெயரையும் சொல்லட்டும்.

அண்ணன் தம்பி வேறு வேறு நாட்டுக்கு ஆடலாமா?

ஆடலாம். போவாட்டெங் சகோதரர்களில் ஜெரோம் ஜெர்மனிக்கும் கெவின்-பிரின்ஸ் கானாவுக்கும் ஆடினார்கள். 2010, 2014 இரண்டு உலகக் கோப்பைகளிலும் எதிரெதிரே நின்றார்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளை இந்தியாவுக்கு ஆட முடியுமா?

அந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு முடியாது. அதிகம் வரும் கேள்வியும் அதிக மனவருத்தம் தரும் பதிலும் இதுதான்.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாழ்நாள் விசா மாதிரி. வந்து போகலாம், தங்கலாம், வேலை செய்யலாம். அது குடியுரிமை இல்லை, அதை வைத்துத் தேசிய அணிக்கு ஆட முடியாது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்தான் இந்தியாவுக்கு ஆடலாம் என்பது 2008 முதல் மத்திய அரசின் நிலைப்பாடு. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடிய மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டும் இதனால்தான் நடக்கவில்லை.

வழி ஒன்றுதான்: அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை வாங்குவது. ஜப்பானில் பிறந்த, இந்தியத் தந்தையின் மகன் அராதா இசுமி அப்படி வாங்கி 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், பெங்களூரு எஃப்சி வீரர், 2025-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியரானார். அவர் தாய் வழித் தாத்தா 1950-களில் பம்பாய் அணிக்காக மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி ஆடியவர்.

ஓசிஐ அட்டை எடுத்து ஐந்து ஆண்டு ஆகி, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் தங்கியிருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 17 வயதுப் பையனை இதற்குத் தள்ளாதீர்கள். பிரிட்டிஷ் அல்லது பிரெஞ்சு பாஸ்போர்ட்டை விட்டால் ஐரோப்பிய கிளப்பில் வேலை அனுமதி கிடைப்பதே சிக்கலாகும். இசுமி, வில்லியம்ஸ் இருவரும் பக்குவப்பட்ட வயதில், இந்தியாவில் கிளப் ஆட்டம் ஆடிய பிறகு எடுத்த முடிவு அது.

இன்னொரு விஷயம். வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே இரண்டு குடியுரிமையும் பெற்ற பிள்ளைகள் சிலர் உண்டு. 18 நிறைந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையை விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தத் தேதியைத் தவறவிடும் வீடுகள் உண்டு, அதனால் இப்போதே குறித்துவையுங்கள்.

என் ராத்தா (அக்கா) மகன் மலேசியாவில் பிறந்தவன், நன்றாக ஆடுகிறான். அங்கே வாய்ப்பு உண்டா?

மலேசியக் குடிமகனாக இருந்தால் தாராளமாக. மலேசிய அணிக்குத் தமிழர் புதியவர்கள் இல்லை. 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்ட கோல்கீப்பர் ஆறுமுகம் அந்த நாட்டின் பெரிய பெயர்களில் ஒருவர்.

மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாத்தா பாட்டி அங்கே பிறந்தார்கள் என்ற வழியாக வரப் பார்ப்பவர்கள் 2025-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அர்ஜென்டினா, ஸ்பெயின், பிரேசில் போன்ற இடங்களில் பிறந்த ஏழு வீரர்களுக்கு, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய சான்றுகள் திருத்தப்பட்டவை என்று ஃபிஃபா செப்டம்பரில் முடிவு செய்தது. வீரர்களுக்கு ஓராண்டுத் தடை, மலேசியக் கால்பந்து சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் என்று தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு மேல்முறையீடுகள் நடந்தன. நம் பக்கத்தில் தாத்தா காலத்துக் காகிதங்கள் உண்மையாகவே இருக்கும், ஆனால் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைத் "சரிசெய்து தருகிறேன்" என்று வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். பதிவு அலுவலகம் வழியாக, முறைப்படி மட்டும் திருத்துங்கள்.

சிங்கப்பூர் பிள்ளை?

முதலில் தேசிய சேவையை, அதாவது கட்டாய ராணுவ சேவையைப் பற்றி யோசியுங்கள். பென் டேவிஸ் என்ற பையன் தாய்லாந்தில் பிறந்தவன். தாய்லாந்து, பிரிட்டன், சிங்கப்பூர் என்று மூன்று நாட்டுத் தொடர்பு. 2018-ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் கிளப் அவனோடு தொழில்முறை ஒப்பந்தம் போட்டது. சிங்கப்பூரில் இருந்து அப்படிப் போன முதல் ஆள். ராணுவ சேவையைத் தள்ளிவைக்கக் குடும்பம் கேட்டது, பாதுகாப்பு அமைச்சகம் மறுத்தது. 2019-ல் அவன் சேவைக்கு வரவில்லை. பின்னாளில் தாய்லாந்துக்காக ஆடினான்.

யார் பக்கம் நியாயம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு அந்தப் பையனை நினைத்துத்தான் கவலை. திறமைக்குக் கதவு திறந்த அதே மாதங்களில் அவன் தலையில் அவ்வளவு பெரிய சுமை விழுந்தது. சிங்கப்பூரில் நிரந்தரவாசம் வாங்கியிருக்கும் வீடுகளும் கவனிக்க வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண் பிள்ளைகளுக்கும் அந்தச் சேவை உண்டு.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்த பிள்ளைகள்?

இவர்களுக்கு இரட்டைக் குடியுரிமைப் பேச்சே வரவில்லை, ஒரு குடியுரிமைக்கே போராட்டம். 1 ஜூலை 1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இதை வைத்துத்தான். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. இன்று பந்து உதைக்கும் வயதில் இருக்கும் முகாம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

இலங்கைத் தூதரகம் வழியாகப் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமை பெற்றால் அந்த நாட்டுக்கு ஆடும் தகுதி வரும். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, இதே மண்ணின் அணிக்கு ஆடும் ஆசை இருந்தால், அதற்கு இன்று நேரான பதில் இல்லை. இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

"உங்கள் பையனுக்கு 15 வயதுதானே, ஸ்பெயின் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன விதியை மறுபடி பாருங்கள். 18 நிறையாத இந்தியப் பையனை ஸ்பெயின் கிளப் தன் வீரராகப் பதிய முடியாது. முக்கியமான விலக்கு ஒன்று, பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால். அத்தா துபாயில் வேலை பார்த்து, குடும்பம் அங்கே போய் வாழ்ந்தால், பையன் துபாய் கிளப்பில் பதியலாம். முசியாலாவும் அம்மாவின் படிப்பால்தான் இங்கிலாந்து போனார். ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் பணம் கட்டிப் பயிற்சி எடுக்கும் தனியார் அகாடமியாக இருக்கும். அது கிளப் ஒப்பந்தம் ஆகாது. நகை அடகு வைத்து அனுப்பினால், சில மாதத்தில் விசா முடிந்து பிள்ளை மனம் உடைந்து திரும்பி வருவான்.

வீரர்களுக்கு ஏஜென்டாக இருக்க ஃபிஃபா உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பெயர்கள் ஃபிஃபா இணையதளத்தில் இருக்கின்றன, செல்போனிலேயே தேடிப் பார்க்கலாம். 18-க்குக் கீழ் உள்ள வீரரை அணுகப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், நிறைய பேர் அடுத்த நாள் போனை எடுக்கமாட்டார்கள்.

அப்படியானால் இப்போது என்னதான் செய்வது?

காகிதம், பதிவு, ஆட்டம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவது சுலபம். தாமதமாகப் பதிவதற்கு அலைய வேண்டும், பிறகு வயதைச் சந்தேகப்படவும் இடம் கொடுக்கும். இளையோர் போட்டிகளில் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறார்கள். பள்ளியில் வயதைக் குறைத்துப் போட்டு ஆட வைப்பது பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கிற காரியம், அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வெளிநாட்டுத் தொடர்பு உள்ள வீடுகள் தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணச் சான்றுகளையும் பத்திரப்படுத்துங்கள். நாட்டைத் தேர்வு செய்யும் நாள் வந்தால் ஃபிஃபா கேட்பது அதைத்தான்.

அடுத்தது கிளப் பதிவு. 12 வயதிலிருந்து பையன் எந்தக் கிளப்பில் முறையாகப் பதிந்து ஆடினான் என்பது பின்னாளில் பணமாக மாறும். வீரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, 12 முதல் 21 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு ஈட்டுத்தொகை உண்டு. பிற்காலத்தில் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால் அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். அதற்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவில் பெயர் இருக்க வேண்டும். ஊர் பெயரில் ஜெர்சி அடித்துக் கோப்பை ஜெயித்தால் மட்டும் போதாது. இளைஞர் மன்றங்கள் மாவட்டச் சங்கத்தோடு சேர்ந்து கிளப்பாகப் பதிந்துகொண்டால், ஒரு பையன் மேலே போகும்போது ஊர் மைதானத்துக்குப் பணம் வரும்.

மூன்றாவது, ஆட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளியும் விடுமுறை, பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக ஊரில் இருக்கும் காலம். கடற்கரை மணலில் ஆடுவது கெண்டைக்காலுக்கு நல்ல பலம் கொடுக்கும். ஆனால் மணலில் மட்டும் ஆடிய பையன் புல் தரையில் பந்தின் வேகத்துக்குத் திணறுவான். வாரத்தில் சில நாளாவது கெட்டித் தரையில் ஆட வையுங்கள். அரசின் விளையாட்டு விடுதித் தேர்வு அறிவிப்பையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

நம் பக்கத்திலிருந்து யாராவது மேலே போயிருக்கிறார்களா?

காரைக்குடி பக்கம் கண்டனூர் சிவசக்தி நாராயணன். பெங்களூரு எஃப்சிக்காக 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர். கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் மைக்கேல் ரெஜினும். கடற்கரை ஊரிலிருந்து இந்தியாவின் உச்ச லீக்கான ஐஎஸ்எல் வரை போகலாம் என்பதற்கு இவர்கள் இருக்கிறார்கள். இரட்டை நாட்டுக் கதையில் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் மெல்பர்னில் பிறந்த நிஷான் வேலுப்பிள்ளை. 2024 அக்டோபரில் ஆஸ்திரேலிய அணியில் அறிமுகமான ஆட்டத்திலேயே சீனாவுக்கு எதிராக கோல் போட்டார்.

முசியாலாவின் ஆட்டத்தில் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும்?

பந்து வருவதற்கு முன் அவர் தலையைப் பாருங்கள். தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். வாங்கும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும், முதல் தொடுதலிலேயே ஒரு ஆளைக் கடந்திருப்பார். ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள். சக வீரர் லெராய் சானே அவருக்கு 'பாம்பி' என்று மான்குட்டியின் பெயர் வைத்தார். ஒல்லியாக இருக்கிறான் என்று நம் கோச்சுகள் ஓரமாக நிறுத்தும் பையன்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

27 மே 2023, கொலோன் அணிக்கு எதிராக 89-ஆவது நிமிடம் அவர் போட்ட கோலைத் தேடிப் பாருங்கள். அந்தக் கோலால் பேயர்னுக்குப் பட்டம் கிடைத்தது. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் டார்ட்மண்ட் அணிக்குப் பட்டம் கைவிட்டுப் போனது. 2024 யூரோவில் மூன்று கோல் போட்டு, அதிக கோல் போட்டவர்கள் வரிசையில் சேர்ந்தார். 2025 ஜூலையில் கிளப் உலகக் கோப்பையில் பாரிஸ் அணிக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஆடவில்லை. அவசரப்பட்டு இறக்காமல் காத்திருந்தார்கள், அதையும் நம் ஊர் கோச்சுகள் பார்க்க வேண்டும்.

ஜெர்மன் லீக் ஆட்டம் இங்கே எத்தனை மணிக்கு?

சனிக்கிழமை பகல் ஆட்டங்கள் நமக்கு இரவு 7 மணி. அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு மார்ச் கடைசி வரை 8 மணி. மாலை ஆட்டம் அதிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து. மறுநாள் ஞாயிறுதான், பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.